அப்பாவின் ரப்பர் மெஷினும் ஆக்கர் கடையும்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் நடுவே, தகரம் போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதற்குள் இரண்டு ரப்பர் மெஷின்கள். ஒன்றின் உருளைகள் மொழுமொழுவென்று இருக்கும். மற்றதன் உருளைகளில் சாய்வாக வரி வெட்டியிருக்கும். அப்பா விடிவதற்கு முன்பே ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போய்விடுவார். எடுத்துவந்த பாலை அலுமினிய டிஷ்களில் ஊற்றி, ஆசிட் சேர்த்து உறைய வைத்து, மறுநாள் அந்த வெள்ளைக் கட்டியை முதலில் மொழு உருளையிலும் பிறகு வரி உருளையிலும் கொடுத்துச் சுற்றுவார். ஷீட் நீளமாக, நடுங்கிக்கொண்டே வெளியே வரும். அது தரையில் படாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொள்வதுதான் பள்ளிக்கூடம் போகும் முன் எனக்கு இருந்த வேலை.

அப்பா காலமாகி நான்கு வருடங்கள் ஆகின்றன. மரங்களைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். குத்தகைக்காரர் பாலை அப்படியே விற்றுவிடுகிறார். ஷீட் அடிக்க ஆள் கிடைப்பதில்லை என்கிறார். மெஷின்கள் கொட்டகையில் சும்மா நின்றன. நம் குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இரும்பு காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. போன வருடம் கொட்டகைத் தகரம் ஓட்டையாகி ஒழுகத் தொடங்கியபோது உருளையின் மேல் கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதும் செம்மண் போலத் துரு ஒட்டிக்கொண்டது. "கிடந்து மண்ணாகிப் போவதற்கு ஆக்கருக்குக் கொடுத்துவிடு மக்களே" என்றார் அம்மா. இந்த வார்த்தையைச் சொல்ல அவர் எத்தனை நாள் தயங்கியிருப்பாரோ.

அப்படித்தான் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஆக்கர் கடையோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஆக்கர் என்ற சொல் நம் மாவட்டத்துக்கு வெளியே பலருக்குப் புரிவதில்லை. சென்னையில் காயலான் கடை என்பார்கள். மற்ற ஊர்களில் பழைய இரும்புக் கடை. களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்தில் 'ஆக்ரி'. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் இது. எல்லைக் கோடு போட்ட பிறகும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில் இதுவும் ஒன்று. சைக்கிளிலும் இப்போது லோடு ஆட்டோவிலும் வந்து தெருமுனையில் குரல் கொடுப்பவரையும் ஆக்கர் என்போம், அவர் கொண்டுபோய்ப் போடும் கடையையும் ஆக்கர் கடை என்போம்.

கடைக்காரர் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து 30 வருடத்துக்கு முன் இங்கே கடை போட்டவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் அவர் மெஷின்களைப் பார்க்க வந்தபோது விலை பேசவில்லை. பிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். துருவின் கரகரப்போடு உருளை அசைந்தது. "வார்ப்பிரும்பு தம்பி. இதற்குச் சாவு கிடையாது" என்றார்.

மெஷின்களோடு சேர்த்து, கிணற்றில் கிடந்த பழைய மோட்டார், இற்றுப்போன கேட், கொட்டகைத் தகரம், 30 அலுமினிய டிஷ், ஒரு பை நிறைய ஒயர் என்று எல்லாவற்றையும் கொடுத்தோம். பொருள் போன வழியே நானும் போனேன். அந்தக் கடையின் முற்றத்தில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அன்று பார்த்தது என் மனத்தை விட்டுப் போகவில்லை. இதை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

எங்கள் மோட்டாரைப் பிரித்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை மேஸ்திரி என்கிறார்கள். தரையில் ஒரு தண்டவாளத் துண்டு. அதுதான் அவருக்குப் பட்டறைக்கல். மோட்டாரை அதன் மேல் சாய்த்து வைத்து, நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழலாத இரண்டை உளி வைத்து ஒரே அடியில் தெறிக்க வைத்தார். வெளிக்கூட்டைச் சம்மட்டியால் அடித்தபோது மண்பானை உடைவது போன்ற சத்தம். வார்ப்பிரும்பு நெளியாது, உடையும். உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தது. அந்தத் துண்டுகள் ஒரு குவியலுக்குப் போயின. நடுத்தண்டு வேறு குவியலுக்கு.

பிறகு உள்ளே இருந்த சுருள். இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த வளையத்தின் பள்ளங்களில் கம்பி நெருக்கமாகச் செருகியிருந்தது. மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து சிறு கத்தியை எடுத்து ஒரு கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டினார். சிவப்பாகத் தெரிந்தது. "செம்பு" என்றார். சில மோட்டார்களில் பார்ப்பதற்குச் செம்பு போலவே இருக்குமாம். சுரண்டினால் வெள்ளையாக அலுமினியம் தெரியும். கண்ணை நம்பினால் ஏமாந்துபோக வேண்டியதுதான். அடுத்து ஒரு பக்கத்துக் கம்பி முடிகளை உளியால் மட்டமாக வெட்டினார். வளையத்தைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் கம்பிக்குள் கடப்பாரையை நுழைத்து நெம்பினார். ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் கம்பிக் கற்றை, நெற்றிலிருந்து பயறு கழல்வது போல வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியாக ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் செம்புக் குவியலின் மேல் மெதுவாக ஓட்டினார். இரண்டு ஆணி ஒட்டிக்கொண்டு வந்தன. அவற்றை இரும்புக் குவியலுக்கு எறிந்தார். மொத்தம் 20 நிமிடம் ஆகியிருக்கும்.

"இவ்வளவு சிரமப்படாமல் மொத்தமாக இரும்போடு போட்டால் என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"செம்பின் விலை என்ன, இரும்பின் விலை என்ன! அது போகட்டும், செம்பு கலந்த இரும்பை ஆலையில் இறக்கவே விடமாட்டார்கள் தம்பி. அடுத்த தடவை நம் லாரியை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்."

செம்பு கிலோவுக்கு இரும்பைப் போல 20 மடங்குக்கு மேல் விலை போகிறது, அது சரி. இரண்டாவது காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரும்பை உருக்கும்போது உள்ளே இருக்கும் பல அழுக்குகளை ஆக்சிஜன் ஊதி எரித்துக் கசடாக மேலே கொண்டுவந்துவிடலாம். செம்பை அப்படி எடுக்க முடியாது. செம்புக்கு முன்பே இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும் என்பதால், செம்பு உருக்கிலேயே தங்கிவிடுகிறது. ஒரு தடவை கலந்தால் கலந்ததுதான். ஆலைகளிடம் அதைப் பிரிக்க நடைமுறை வழி இல்லை. அளவு மீறிச் செம்பு கலந்த எஃகைச் சூடாக்கி உருட்டினால் மேற்பரப்பு வெடிக்கும். அது மறுபடியும் மறுபடியும் உருகி வர வர, செம்பின் அளவு கூடிக்கொண்டே போகும். அதாவது, எத்தனை கோடி போட்டு உலை கட்டினாலும், தண்டவாளத் துண்டின் முன் குந்தியிருக்கும் மேஸ்திரியின் 20 நிமிடத்துக்கு மாற்று இல்லை. இரும்பை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்த வாக்கியம் உண்மையாவது அவருடைய கையில்தான்.

வார்ப்பிரும்பு கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறைகளுக்குப் போகிறது. அங்கே அது பம்பின் கூடாகவோ மோட்டாரின் மூடியாகவோ ஆகும். கேட், கம்பி, தகடு போன்றவை உருக்காலைகளுக்கு. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டிலும் வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் மின்சார உலைகள் இருக்கின்றன. நாம் வீடு கட்ட வாங்கும் முறுக்குக் கம்பியில் இப்படிப்பட்ட பழைய கேட்டுகளும் கட்டில்களும் கலந்திருக்கின்றன. வெண்கலம் என்றால் மாந்நாரின் நினைவு வரும். ஆலப்புழை மாவட்டத்தில் உருளியும் விளக்கும் வார்க்கும் ஊர் அது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். மத்திய அரசு 2019-இல் எஃகுக் கழிவு மறுசுழற்சிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புத் தாதும், 630 கிலோ கோக்கிங் நிலக்கரியும், 55 கிலோ சுண்ணாம்புக்கல்லும் மிச்சமாகும் என்கிறது அது. தாதுவிலிருந்து எஃகு செய்வதோடு ஒப்பிட்டால் தண்ணீர்ச் செலவு 40 சதவீதமும், பசுங்குடில் வாயுக்கள் 58 சதவீதமும் குறையும் என்றும் சொல்கிறது. எங்கள் வீட்டிலிருந்து போன இரும்பு 480 கிலோ. அந்தக் கணக்குப்படி எங்கோ ஒரு மலையில் 528 கிலோ தாது வெட்டப்படாமல் நிற்கிறது. 300 கிலோவுக்குச் சற்று மேல் நிலக்கரி மிச்சம். கோக்கிங் நிலக்கரியில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்கிறோம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அலுமினியத்தில் இந்த மிச்சம் இன்னும் பெரியது. ஒரு டன் அலுமினியத்துக்கு 4 முதல் 5 டன் பாக்சைட் வெட்ட வேண்டும். தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிக்க, கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகும். பழைய அலுமினியத்தை உருக்கினால் மொத்த ஆற்றலில் 95 சதவீதம் வரை மிச்சம். எங்கள் டிஷ்கள் 22 கிலோ இருந்தன. பெருக்கிப் பார்த்தேன். 300 யூனிட்டுக்குச் சற்று மேல் வருகிறது. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஓடும் மின்சாரம் ஏறக்குறைய அவ்வளவுதான். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் ஆக்கிய காலம் ஒன்று உண்டு. பாக்சைட்டைக் கழுவிய பின் மிஞ்சும் சிவப்புச் சேற்றை என்ன செய்வதென்று உலகம் முழுவதும் இன்னும் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். நசுங்கிய டிஷ்ஷை உருக்கினால் அந்தச் சேறு கிடையாது.

மலை என்று சொல்லும்போது குமரி மாவட்டத்துக்காரனுக்கு வயிற்றில் ஏதோ செய்யும். கல்குளம், விளவங்கோடு பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். பாதி அறுந்து நிற்கும் குன்றுகள், பச்சைத் தண்ணீர் தேங்கிய பாறைக் குழிகள். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கடலில் கொட்டக் கல் தேவைப்பட்டபோது நம் குன்றுகள் மேலும் கண் விழுந்தது. கனிமவள லாரிகள் இரவும் பகலும் ஓடி ரோடு நைந்தது. குழந்தையாக இருந்தபோது நான் பார்த்த ஒரு குன்று இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் வானம் இருக்கிறது. ஒரு மலை போவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சத்தீஸ்கரின் பைலடிலாவிலும், கர்நாடகத்தின் சண்டூரிலும் இரும்புக்காக மலை வெட்டப்படும் ஊர்க்காரர்களுக்கும் இதே வயிறுதான். கர்நாடகத்திலேயே உள்ள குதிரேமுகில் இரும்புச் சுரங்கத்தை மூட, உச்ச நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது; 2005-ஆம் ஆண்டின் கடைசியில்தான் அங்கே வெட்டுவது நின்றது. ஆக்கர் கடை வாசலில் நிற்கும் லாரியை நான் அதனால்தான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். கனிமவள லாரி போகும் அதே ரோட்டில், எதிர்த்திசையில், எந்த மலையையும் உடைக்காமல் எடுத்த இரும்பு போகிறது.

ஆனால் மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பழைய இரும்பு மட்டும் இந்த நாட்டுக்குப் போதாது. ஒரு வீட்டின் தூணுக்குள் போன கம்பி திரும்பி வர ஐம்பது வருடம் ஆகலாம்; நாமோ இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறோம். நம் நாட்டு மின்சார உலைகளில் பழைய இரும்போடு, தாதுவிலிருந்து நிலக்கரியைக் கொண்டு தயாராகும் பஞ்சு இரும்பும் கணிசமாகப் போகிறது. பழைய இரும்பு எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு அதிகமாகக் கிடைக்கிறதோ அந்த அளவுக்குத்தான் மற்றது குறையும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் இல்மனைட், மோனசைட் கதையும் வேறு. அவை பெயிண்டுக்கும் அணுசக்திக்கும் போகின்றவை. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிமம் எடுக்கும் திட்டத்தை நம் கடற்கரை மக்கள் எதிர்த்து நிற்கிறார்களே, அவர்களுக்கு ஆக்கர் கடையால் ஒன்றும் செய்துவிட முடியாது. எது எதற்கு உதவும் என்று தெளிவாகச் சொன்னால்தான், உதவுகிற இடத்தில் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

ஆக்கர் எதை எடுப்பார் என்பதைப் போலவே, எதை எடுக்கமாட்டார் என்பதும் எனக்கு ஒரு பாடம். குளச்சலிலோ முட்டத்திலோ கரையோரமாக நடந்து பாருங்கள். பழைய மரவள்ளம் உடைந்தால் அடுப்புக்குப் போகும். அவுட்போர்டு என்ஜின் கெட்டால் ஆக்கருக்குப் போகும். நங்கூரம், சங்கிலி, வலையில் கோத்த ஈயம் எதுவும் கரையில் கிடக்காது. கிழிந்த ஃபைபர் வள்ளம் மட்டும் தென்னை மரத்தடியில் வருடக்கணக்காகக் கவிழ்ந்து கிடக்கும். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகிய அதை யாரும் எடைக்கு வாங்குவதில்லை. வெயில் பட்டுப் பட்டு அது பொடியாகி மணலில் உதிர்கிறது. முப்பந்தலிலும் இதே கதைதான். 1990-களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி நட்ட சிறிய காற்றாலைகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தமிழக அரசு 2024-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. கோபுரத்தின் எஃகும் ஜெனரேட்டரின் செம்பும் கடைசி அவுன்ஸ் வரை விலை போகும். இறக்கைகள்? அவையும் ஃபைபர்தான். ஒரு பொருளைச் செய்யும்போதே, இதைக் கடைசியில் எந்த ஆக்கர் எடுப்பார் என்று கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது.

உருக்காமலே பிழைத்துக்கொள்ளும் பொருள்களும் உண்டு. அண்ணாச்சி கடையின் ஒரு மூலையில் கிணற்றுக் கப்பி, மண்வெட்டி, நல்ல நிலையில் உள்ள வால்வு, கதவுக் கொண்டி எல்லாம் தனியாக இருக்கும். தேவைப்படுகிறவர்கள் வந்து பொறுக்கிக்கொள்வார்கள். லாரியின் பழைய வில்பட்டைகளைக் கொல்லர் வந்து எடுத்துப் போகிறார். அந்த எஃகில் அடித்த வெட்டுகத்தி வருடக்கணக்கில் உழைக்கும். ஆலைக்குப் போய் உருகாமலே ஒரு பொருள் இன்னொரு பொருளாவதை இதைவிடச் சிக்கனமாக யாரும் செய்ய முடியாது. பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த வெண்கல உருளியையும் அம்மா அன்று திண்ணையில் எடுத்து வைத்திருந்தார். அண்ணாச்சி அதைத் தூக்கி, விரலால் ஒரு சுண்டுச் சுண்டினார். மணி போல நாதம் நீண்டது. "இதை எடைக்குப் போடாதீர்கள் அம்மா" என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டார். நல்ல லாபம் தரும் பொருளை வியாபாரி வேண்டாம் என்றதை அம்மா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி மனத்துக்குக் கஷ்டமான பகுதி. இதற்கு முன்பு ஒரு முறை, வீட்டு ஒயரிங்கை மாற்றியபோது, பழைய ஒயர்களை மூட்டையாகக் கட்டித் தெருவில் வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்திருந்தேன். அன்று மாலை பாசனச் சானல் கரையில் கறுப்புப் புகை எழுந்தது. தொண்டையைப் பிடிக்கும் நாற்றம். போய்ப் பார்த்தால் இரண்டு சிறுவர்கள் ஒயரைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு ஒயர். பிவிசி உறை எரியும்போது டையாக்சின் உள்ளிட்ட நச்சுகள் வருகின்றன. அவை மண்ணிலும் பாலிலும் மீனிலும் தங்கக் கூடியவை. அந்தச் சானல் தண்ணீரில்தான் எங்கள் ஊர் வயலும் வாழையும் விளைகின்றன. அந்தப் பையன்களை நான் திட்டவில்லை. மூட்டை கட்டிக் கொடுத்தவன் நான்.

கொடுமை என்னவென்றால், எரித்த செம்புக்கு விலையும் குறைவு. கரி படிந்து, ஓரம் கருகிய கம்பியைத் தரம் தாழ்ந்த குவியலில்தான் போடுவார்கள். உறையைக் கத்தியால் உரித்தெடுத்த பளபளக்கும் கம்பிக்குத்தான் முதல் விலை. மெல்லிய ஒயரை உரிக்க நேரம் ஆகும் என்பதால் தீ வைக்கிறார்கள். கையால் இயக்கும் சிறு உரிக்கும் கருவி ஒன்று இருந்தால் போதும். ஊராட்சிக்கு ஒன்று வாங்கி வைப்பது நடக்காத காரியமா?

பேட்டரி இதைவிட ஆபத்து. ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30-இல் அடித்துவிட்டுப் போன பிறகு எங்கள் தெருவில் கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. அடுத்த வருடத்துக்குள் பல வீடுகளில் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. அந்த பேட்டரிகளின் உள்ளே இருப்பது ஈயம். அது 327 டிகிரியிலேயே உருகிவிடும், சாதாரண அடுப்பே போதும். அதனால்தான் சிலர் கொல்லைப்புறத்திலேயே உடைத்து உருக்கத் துணிகிறார்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து முறையாக மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள். ஐம்பது நூறு அதிகம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இந்தத் தொழிலின் நன்மை ஊருக்கு. ஆபத்து மட்டும் அதில் வேலை செய்பவருக்கு என்றால் அது நியாயம் இல்லை. மேஸ்திரியின் வலது கைச் சுட்டுவிரலில் பாதி நகம் இல்லை. அவர் கையுறை போடுவதில்லை. போட்டால் கம்பி பிடிபடாது என்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லாத பொருளைத்தான் அவர் தினமும் உடைக்கிறார். டெல்லி மாயாபுரியில் 2010-இல் நடந்தது நினைவிருக்கும். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று கழித்துக்கட்டிய கருவி பழைய இரும்புச் சந்தைக்கு வந்தது. உள்ளே கோபால்ட்-60. பிரித்தவர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், ஒருவர் இறந்தார். படித்தவர்கள் சொல்லாமல் விட்டதற்குப் படிக்காதவர் உயிரைக் கொடுத்தார். பழைய ஃபிரிட்ஜைக் கொடுக்கும்போது வாயுவை முறையாக இறக்கச் சொல்வதும், உடைந்த டியூப் லைட்டைத் தனியாக வைப்பதும், ஊசியையும் பிளேடையும் தகர டப்பாவில் அடைத்துக் கொடுப்பதும் நம்மால் முடியாதவை அல்ல.

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாது வெட்டிச் செய்த புது எஃகுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, பழைய இரும்புக்கும் அதே 18 சதவீதம். 2024 அக்டோபரிலிருந்து, பதிவு செய்யாதவரிடம் பழைய உலோகம் வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே வரியைக் கட்ட வேண்டும். போலி பில்லைத் தடுக்கும் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மலையை மிச்சப்படுத்தும் பொருளுக்கும் மலையை வெட்டி வந்த பொருளுக்கும் ஒரே வரி என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அண்ணாச்சி போன்றவர்கள் முறைப்படி தொழில் செய்ய இந்த வரியைக் குறைப்பதுதான் முதல் வழி.

இந்த மண்ணுக்கு உலோகம் உருக்குவது புதிதல்ல. தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்து, அந்தக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டுவதை மேற்பார்வையிட்டார். உள்ளே பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. அவருடைய கல்லறையும் அங்கேதான். கோட்டைச் சுவரை ஒட்டிய ரோட்டில் அண்ணாச்சியின் லாரி வாரம் ஒரு முறை போகிறது.

எங்கள் மெஷின்கள் மூன்று வாரம் அந்த முற்றத்தில் கிடந்தன. கோயம்புத்தூர் லோடு நிறையும் வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. "தம்பி, அப்பா மெஷின் இன்று ஏறுகிறது. பார்க்க வேண்டும் என்றால் வா."

நான் அம்மாவிடம் சொன்னேன். அவர் சேலை மாற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். நாங்கள் போனபோது மெஷின்களின் சட்டம் உடைபட்டு லாரியில் கிடந்தது. உருளைகள் மட்டும் உடைபடாமல் தரையில் இருந்தன. மேஸ்திரி சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அம்மா குனிந்து வரி உருளையைத் தடவினார். பள்ளங்களில் இன்னும் காய்ந்த பால் மஞ்சளாக ஒட்டியிருந்தது. நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தார். பல்லி வால் நீளத்துக்கு ஒட்டுப்பால் இழுபட்டு வந்தது. அதைச் சுருட்டிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஏற்றுங்கள்" என்றார்.

நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.